மாவியின் கைப்பிடி

ராம்த்லாங் ஊரின் மேற்குச் சரிவில் ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் உடனே இறங்காது. எத்தனை வீட்டுத் தண்ணீர் ஒரே குடத்தில் கலந்திருந்தாலும், தரையைத் தொட்டதும் அவரவர் கைப்பிடியாகப் பிரிந்து, உள்ளங்கை வடிவத்தில், ரேகைகளோடு, பொழுது சாயும்வரை நிற்கும். ஐஸாலிலிருந்து வரும் உறவுக்காரர்களிடம், பார்த்து நடங்கள், யார் கையையாவது மிதித்துவிடப் போகிறீர்கள் என்று சொல்லி வைப்போம்.

விதைப்புக்காக மலையை எரிக்கும் மாசியில் எங்கள் தீ எல்லை தாண்டி, ஊற்றுக்கு மேலிருந்த காட்டைத் தின்றுவிட்டது. மறு கோடையில் ஊற்றும் செத்தது. ஆற்றிலிருந்து சுமந்து சுமந்து இடுப்பு ஒடிந்தவர்கள், கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஊரையே கீழே சாலையோரம் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ராம்தியாங்கி ஒருத்திதான் மாட்டேன் என்றாள். அவளுடைய ஏழு வயது மகள் மாவி முகட்டுக் கல்லறையில் படுத்திருந்தாள். “வீட்டப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிரலாம். அவளை யாரு பாத்துக்குவா?” என்று கேட்டாள்.

எங்கள் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். இந்த மலைகளில் ஊழியம் நடப்பதே அந்த அரிசியில்தான். ராம்தியாங்கி வீட்டில், உயிரோடு இருந்தவரை, அதை எடுத்து வைத்தது மாவி. உரலில் நசுங்கி நுனி போன சுண்டுவிரலோடு அள்ளுவாள், பாதி சிந்தும். அந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை சபை அரிசியைச் சேர்க்க வந்தவர்களிடம் ராம்தியாங்கி ஒரு கிண்ணம் தண்ணீரும் நீட்டினாள்.

“நாம வெச்ச தீயிலதான் காடு செத்துச்சு. ஆண்டவருக்கு அரிசி வெக்கிறோம், அவரு நட்டதுக்கு ஒரு கை தண்ணி வெக்கக் கூடாதா?”

கூட வந்திருந்த சபை மூப்பர் ஸாங்கிமா சிரித்தார். “அரிசின்னா ஏலம் விடலாம் மாவி அம்மா. தண்ணிய வெச்சு என்ன பண்ண, உனக்கு இன்னொரு ஞானஸ்நானமா?”

ஆனால் இங்கே ஒருத்தி கொடுத்து மற்றவள் சும்மா இருந்தால் மானம் போய்விடும். அடுத்த வாரம் எல்லா வீட்டிலும் தண்ணீர் வந்தது. பாடிக்கொண்டே சுமந்துபோய்க் கரிந்த சரிவில் ஊற்றினார்கள். தண்ணீர் கை கையாகப் பிரிந்தபோது பாட்டு பாதியில் நின்றது. பெண்கள் முழங்காலில் விழுந்தார்கள். மூப்பர் மூச்சிரைக்க ஓடிவந்து, ஒரு கையின் முன்னால் தொப்பியைக் கழற்றினார். “இது எங்க வீட்டுக்காரியோடது. இந்தக் கைய எனக்குத் தெரியாதா, எத்தனை வாங்கியிருக்கேன்” என்றார். ராம்தியாங்கியின் கைக்குப் பக்கத்தில் யாரும் கொடுக்காத ஒரு சின்னக் கை கிடந்தது. சுண்டுவிரலில் நுனி இல்லை. அவள் குனிந்து தன் கையை அதன் அருகே வைத்தாள், அழவில்லை. ஊர் மாற்றுவதைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

மழைக்குப் பிறகு ஒவ்வொரு கை கிடந்த இடத்திலும் ஒரு கன்று எழுந்தது. நான்காம் ஆண்டு ஊற்று திரும்பியது. இப்போது அங்கே நடுப்பகலிலும் குளிரும். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நாங்கள் விடவில்லை. வாங்க வரும் பெண்கள் ராம்தியாங்கியின் வாசலில் “ரெண்டு கைதானே?” என்று கேட்பார்கள், அவள் “ரெண்டுதான்” என்று ஒரு கை ஊற்றுவாள்.

சின்னக் கை வருடா வருடம் வளர்ந்தது. போன சனிக்கிழமை ராம்தியாங்கி தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

“என்னைத் தாண்டிட்டா,” என்றாள்.