கழுத்தில் ஒரு பார்டர்

என் தைராய்டு பார்டரில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மறுநாள் காலை ராணுவம் வந்து என் கழுத்தைச் சுற்றி முள்வேலி போட்டது. திரும்பினால் கிழிக்கும். சாம்பாரில் ரத்தம் சொட்டும். உப்பு கொஞ்சம் தூக்கல் என்பார் என் கணவர் ஞானசேகர்.

காவலுக்கு ஹவில்தார் வேலப்பனை விட்டுப் போனார்கள். அவர் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து என் கழுத்தைக் குறிபார்த்தார். துப்பாக்கியில் குட்டி வெள்ளை மாத்திரைகள் இருந்தன. என்மேல் பட்டால் குணமாகும். மற்றவர்களுக்கு அது சாதாரணக் குண்டுதான்.

“எப்ப சுடுவீங்க?”

“ரிப்போர்ட்டுல அளவு பத்தைத் தாண்டினா.”

“இப்ப எவ்வளவு?”

“ஆறு. பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லி உத்தரவு.”

ஞானசேகர் தூக்கத்தில் வேலியைத் தாண்டிக் கை போட்டார். வேலப்பன் சுட்டதில் சுண்டுவிரல் போயிற்று.

“நல்லவேளை, உனக்குப் படலை,” என்றார். “மாத்திரையை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாதாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி ஓர் அறை விட்டேன். திங்கட்கிழமை விட்டது வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் சமாதானமாகிவிட்டோம். பாவம், தோசை தின்றுகொண்டிருந்த மனுஷன் நாற்காலியோடு கவிழ்ந்தார். என்ன செய்ய, என் உடம்பில் எல்லாமே ஆமை வேகமாகிவிட்டது.

பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது. அதுவும் மெதுவாக வருகிறது என்றுதான் நினைத்தேன். இல்லை, கர்ப்பம். இத்தனை வருஷமாக நான் கும்பிடாத சாமியில்லை. நடுரோட்டில் நின்று சந்தோஷத்தில் ஓவென்று அழுதேன்.

டாக்டர் சொர்ணவல்லி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

“குழந்தைன்னா பார்டர் மாறும். ஆறே அதிகம். இனிமே பார்க்க வேணாம், சுட்டுடுங்க. தள்ளிப் போட்டா குழந்தைக்கு ஆகாது.”

ராணுவம் என்னைக் கீழே தள்ளி, நெஞ்சில் பூட்ஸை வைத்து, வேலியைப் பிடுங்கிக் கீழே இறக்கி நட்டது. இருந்த இடத்திலேயே நான் எல்லை தாண்டியவள் ஆனேன்.

மறுநாள் காலை வேலப்பன் விசையில் விரல் வைத்தார்.

“வெறும் வயிறாம்மா?”

“ஆமா. காபிகூடக் குடிக்கலை.”

அவர் என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“பொய் சொல்றீங்க. உள்ள ஆள் இருக்கு.”

“அதுக்காகத்தானய்யா சுடச் சொல்றேன்!”

“வெறும் வயித்துலதான் சுடணும். நாளைக்குப் பார்ப்போம்.”

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும். வயிறு மேடு தட்டியது. பிள்ளை போய்விடுமோ என்று பயந்தேன். ஞானசேகர் குறுக்கே பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கப் பார்த்தார். குண்டு வெடித்து இன்னும் இரண்டு விரல் போயிற்று.

“வெறும் வயிறாம்மா?” என்றார் வேலப்பன்.

நாசமாய்ப் போக! அவர் கன்னத்தைக் குறிவைத்துப் பளாரென்று விட்டேன். கை கிளம்பியது. வழக்கம்போல் அறை பாதி வழியில் நின்றுகொண்டது.

அப்போது உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது. துளியும் தாமதமில்லை. வேலப்பன் பறந்துபோய்ச் சுவரில் மோதினார். பற்கள் கொட்டின. துப்பாக்கி பிளந்து மாத்திரைகள் தரையெங்கும் உருண்டன.

பல் எது, மாத்திரை எது என்று பார்த்துப் பொறுக்கினேன். ஒன்றைத் தண்ணீரோடு விழுங்கினேன். காபியைத் தள்ளி வைத்தேன்.

வேலப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“வெறும் வயிறு இல்லைன்னு நான்தான் சொன்னேனே,” என்றார்.

அந்த நேரம் பார்த்து என் அறை வந்து சேர்ந்தது.