மதகுக்கு ஒரு மன்றாட்டுமாலை

ஐவி மன்றாட்டுமாலை தொடங்கினால் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நிற்கிற கப்பல்களும் கொஞ்சம் தலை சாய்க்கும். பங்குக் கோயிலில் அவள் "மாதாவே" என்று ஓர் இழுவை இழுத்தால், கடைசி வாங்கில் தூங்குகிறவனும் கண் திறக்காமலே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பான். அப்படியொரு குரல்.

ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இருக்கவில்லை. எழுதி வைத்த செபம் என்றால் வானம் கிழியும். தன் பாட்டில் ஒரு வசனம் பேசு என்றால் நாக்கு உள்ளே சுருண்டு படுத்துவிடும். ஒருமுறை உப்புவெளியில் இறங்க வேண்டியவள், பஸ்ஸுக்குள் "இறக்கம்" என்று சொல்லக் கூச்சப்பட்டுப் புல்மோட்டை வரைக்கும் போய், அதே பஸ்ஸில் பேசாமல் திரும்பி வந்தாள்.

இப்படிப்பட்டவளின் தலையில்தான் மதகு விழுந்தது.

ஐவி வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில், பெரிய தெருவுக்கு அடியால் ஒரு மதகு. மாரித் தண்ணீர் அதற்குள்ளால் போய்த்தான் கடலைச் சேர வேண்டும். தெருவை உயர்த்திப் போட்டபோது அதன் வாய் அடைபட்டுப் போனது. அன்று தொடக்கம் மாரி என்றால் தண்ணீர் கடலுக்குப் போவதில்லை, வீடுகளுக்கு விருந்துக்கு வருகிறது. புஷ்பவதியக்காவின் குசினிக்குள் ஒரு விறால் மீன் நீந்தியது என்று கதை. அந்த விறால் வாய்க்கு வாய் வளர்ந்து, இப்போது சுறாவின் அளவுக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் பங்குத் தந்தை போய்ப் பேசுவார். அவருக்குப் பக்கத்தில் நின்று, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த நிக்கலஸ் இன்னும் கூடப் பேசுவார். தெரு வேலை அலுவலகத்தில் "பாப்பம்" என்பார்கள். அவர்களும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தண்ணீரும் வந்துகொண்டே இருந்தது.

புதிதாக வந்த டிலான் பாதர் ஒரு குழப்படிக்காரன். அயல் வீடுகள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில், இந்த முறை தான் வாயே திறக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். நிக்கலஸ் உடனே தொண்டையைச் செருமினார். பாதர் அவரைப் பார்த்துச் சிரித்து, "அண்ணை, உங்கட வீட்டுக்குள்ள தண்ணி வாறதோ?" என்று கேட்டார். நிக்கலஸ் இருப்பது மாடியில். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவர்களில் யார் பேசுவது என்றதும் எல்லாக் கண்ணும் ஐவியிடம் திரும்பியது. முடியாது என்று சொல்லவும் வாய் திறக்க வேண்டுமே. அதனால் அகப்பட்டுக்கொண்டாள்.

பாதர் சொன்ன வேலை ஒன்றுதான்: வீடு வீடாகப் போய், புத்தி சொல்லாமல், கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதில் ஐவியை வெல்ல இந்த மாவட்டத்தில் ஆளில்லை. அவள் கதிரையில் இருந்தாள், தேத்தண்ணி குடித்தாள், சனம் மனதைக் கொட்டியது. கீர்த்தனி கைக்குழந்தையை அலுமாரிக்கு மேலே படுக்க வைத்த கதையைச் சொல்லி அழுதாள். ஸைனுலாப்தீன் நானா தன் கடையில் மா மூட்டைகள் களியாகிப் போனதைச் சொன்னார். புஷ்பவதியக்கா விறாலைப் பற்றிச் சொன்னா. ஒருவரிடமும் ஐவி வாக்குக் கேட்கவில்லை. எல்லாரும் தாங்களாகவே, பொறியியலாளரைக் கூப்பிட்டிருக்கிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவோம் என்றார்கள்.

வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபம் பிதுங்கியது. திருநீறு பூசின நெற்றியும் தொப்பி போட்ட தலையும் சிலுவைக்குக் கீழே நெருக்கி இருந்தன. ஊருக்குள் ஆடுமாடு போல மேய்கிற மான்களும் யன்னலால் எட்டிப் பார்த்தன. முன் கதிரையில் பொறியியலாளர் இரத்தினசிங்கம். நல்ல மனிதர்தான். ஆனால் "பாப்பம்" என்ற சொல்லைத் தேனில் தோய்த்துக் கொடுக்கத் தெரிந்தவர். மாரிக்கு முன் இன்னொரு கூட்டம் கிடையாது. இன்றைக்கு அவரிடம் ஒரு திகதி வாங்காவிட்டால், கீர்த்தனியின் பிள்ளைக்கு மறுபடியும் அலுமாரிதான்.

ஐவி எழும்பினாள். "எங்கட மதகைப் பாக்க வந்த ஐயா" என்று மரியாதையாகத் தொடங்கத்தான் நினைத்தாள். சனத்துக்கு முன்னால் அவளுடைய வாய்க்குத் தெரிந்த இராகமோ ஒன்றே ஒன்று.

"எங்கட மதகைப் பாக்க வந்த ஐயாவே..."

பங்குச் சனம் முழுவதும் ஒரே மூச்சில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

நிக்கலஸ் நெற்றியில் கை வைத்தார். புஷ்பவதியக்கா, இதுதான் இவர்களின் முறையாக்கும் என்று நினைத்து, ஒரு நொடி பிந்தித் தானும் சொன்னா. ஸைனுலாப்தீன் நானா பழக்க தோஷத்தில் "ஆமீன்" என்றார்.

பொறியியலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, என்னைப் புனிதராக்கிப் போட்டீங்கள். அதுக்கு முதல் நான் சாகவேணுமெல்லோ?"

கூரை பறக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் எழும்பி, கட்டாயம் பார்ப்பம் என்று கும்பிட்டார். அவ்வளவுதான், கூட்டம் கலையப் போகிறது. முந்தின ஐவி என்றால் அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போயிருப்பாள். ஆனால் அவள் காதில் இன்னும் அந்தப் பதில் இரைந்துகொண்டிருந்தது. தான் ஒரு வரி சொன்னதும் இத்தனை பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்களே. அப்படியென்றால் வரியை மாற்றிப் பார்த்தால் என்ன?

"சாகத் தேவையில்லை ஐயா," என்றாள். "திகதி ஒண்டு சொன்னால் காணும்."

சிரிப்பு நின்றது. அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"இனி 'வேண்டிக்கொள்ளும்' வேண்டாம். 'எப்ப?' எண்டு கேளுங்கோ."

பிறகு தொடங்கினாள் பாருங்கள், திருகோணமலை அதற்கு முன் கேட்டிராத ஒரு மன்றாட்டுமாலை.

"கீர்த்தனியின்ர பிள்ளை படுத்த அலுமாரியே..."

"எப்ப?"

"நானாவின்ர களியாப்போன மா மூட்டையே..."

"எப்ப?"

"புஷ்பவதியக்காவின்ர குசினியே..."

"எப்ப?" இந்த முறை புஷ்பவதியக்காதான் எல்லாருக்கும் முந்தினா.

கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஒவ்வொரு வீடும் வரிசையில் வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மான்கள் கடற்கரைப் பக்கம் ஓடின. இரத்தினசிங்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதம் மாரி, தண்ணீர் உத்தரவு கேட்டு வருவதில்லை என்றாள் ஐவி. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். இங்கேயே கேளுங்கள், நாங்கள் பேசாமல் இருக்கிறோம் என்றாள். அத்தனை பேரும் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனம் இராகத்தை விடப் பொல்லாததாக இருந்திருக்க வேண்டும். மனிதர் போனை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்து, திரும்பி வந்து, "புதன்கிழமை மண் வெட்டுற பெக்கோ மெசின் வரும்," என்றார்.

"காலமையோ, பின்னேரமோ?" என்று கேட்டாள் ஐவி.

"காலமை, அம்மா."

டிலான் பாதர் முடிவுச் செபத்துக்கு எழும்பினார். ஐவி அவரை இருக்கச் சொன்னாள். புதன்கிழமை மதகடியில் யார் யார் நிற்பது என்று பிரித்துக் கொடுத்தாள். தேத்தண்ணி வாளி பாதருக்கு. பெக்கோ வராவிட்டால் போன் எடுக்கிற வேலை நிக்கலஸுக்கு. "நீங்கள்தானே அண்ணை நல்லாக் கதைப்பீங்கள்," என்றாள். அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

புதன்கிழமை பெக்கோ வந்தது. ஒழுங்கையே திரண்டு நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, இங்கே யார் பொறுப்பான ஆள், யாரிடம் கேட்டு வெட்டுவது என்று கேட்டான். நிக்கலஸ் தொண்டையைச் செருமினார். பாதர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னட்டக் கேளுங்கோ, தம்பி," என்றாள் ஐவி. "இந்தப் பக்கத்தால வெட்டுங்கோ."