தொட்ட கை

காளியம்மனுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைத் தொடவில்லை. தொடுவது என்ன, தண்ணீர்ச் செம்பைக்கூடத் தரையில் வைக்கச் சொல்லித்தான் எடுத்தார். பெண்சாதியைத் தொட்டால் வீரியம் வடிந்துவிடுமாம். பத்து நாள் அடக்கி வைத்தால் அது உச்சந்தலைக்கு ஏறிவிடுமாம், பத்தாம் நாள் தீ மிதிக்கும்போது கால் சுடாதாம். பூசாரி இராஜாங்கம் சொல்லியிருந்தார். ஒரு கை பட்டால் ஓடிப்போகிறது, நல்ல வீரியம்தான் போங்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

வெளியே சிரிக்க முடியாது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு எங்கள் தெருவே அறுவடைக்குப் போகாமல் நின்ற வருஷம் அது. நாங்கள் குடிசை போட்டிருந்த மனைக்கட்டைக் காலி பண்ணச் சொல்லி மிராசுதார் ஆள் விட்டிருந்தார். பாதிப் பேருக்கு மூட்டை கட்டிவிடலாம் என்ற நினைப்பு. “வீரையன் முதல்ல தீயில எறங்கட்டும். அம்மன் நம்ம பக்கம்னு தெரிஞ்சா இருப்போம்” என்று என் வீட்டுக்காரரைக் காட்டிச் சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் காலை மிராசுதார் ஆட்கள் முதலில் எங்கள் குடிசையைத்தான் பிரித்தார்கள். நான் வெளியே வரமாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. விட்டம் சரிந்து கணுக்காலில் விழுந்தது. கோயிலிலிருந்து அவர் ஓடிவந்தார்.

“தொடாதீங்க! காப்பு!” என்று கத்தினேன்.

“வாய மூடு, எல்லையம்மா.”

விட்டத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு என்னை வாரித் தூக்கினார். ஆஸ்பத்திரிக்கு மூன்று மைல், வரப்பு வழியே நடந்தார். எனக்கு வலியில் உயிர் போனது. அதற்கு நடுவிலும், ஒன்பது நாள் கழித்து அவர் வியர்வை வாசனை மூக்கில் ஏறியபோது சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்டவள் நான்.

மறுநாள் சாயங்காலம் தீக்குழி கனன்றது. என்னை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

“தொட்டியா?” என்று கேட்டார் பூசாரி.

“தொட்டேங்க.”

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பூசாரி அவர் கையிலிருந்த மஞ்சள் காப்புக் கயிற்றை அவிழ்த்தார். “சேத்து வச்சதெல்லாம் வடிஞ்சு போச்சேடா வீரையா. நீ எறங்காத, கால் வெந்துரும்.”

காப்புக் கட்டிய மற்ற பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. “விடிஞ்சதும் காலி பண்ணிருவோம்ப்பா” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. எல்லாம் என்னால்தான் என்று எனக்கு அழுகை பொங்கியது.

அவர் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு நேரே என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னாலும் என்னைத் தூக்கினார்.

“ஐயோ, விடுங்க! எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். வடிஞ்சதெல்லாம் உங்கிட்டதானே வந்துருக்கு? கழுத்தக் கட்டிக்க.”

பூசாரி விலகி வழி விட்டார். அவர் தீக்குழியை நோக்கி நடக்க, அனல் முகத்தில் அடித்தது. என் காதுக்கடியில் அவர் நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டது. கட்டுப் போட்ட காலை நான் மேலே மடக்கிக்கொண்டேன்.