முன்னாள் கணவர் தேடிய வரன்

விவாகரத்தான என் தங்கைக்கு மும்முரமாக வரன் தேடியவர் அவளுடைய முன்னாள் கணவர்தான். அவள் மறுமணம் செய்துகொண்டால் மாதாமாதம் தரும் ஜீவனாம்சம் நின்றுவிடுமே! ஏழு தரகர்களை விழுங்கி ஏப்பம் விட்டவர் மாதிரி அலைந்தார். பென்ஷன்காரனான எனக்கு நல்ல வேடிக்கை.

தங்கைக்கோ அது வேடிக்கையாக இல்லை. முதுகுவலியால் தையல் வேலையை விட்டுவிட்டவள். வீட்டு வாடகையே அந்தப் பணத்தில்தான்.

நேற்று ஒரு போட்டோவைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "மருந்துக்கடை வச்சிருக்கார். தங்கமான மனுஷன். சரின்னு சொல்லேன்."

"சரி, வரச் சொல்லுங்க," என்றாள் தங்கை.

என் மூக்குக்கண்ணாடி தெருவுக்கே குதித்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது. போட்டோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் கோபக்காரர்னு கேள்வி. இவர்கிட்ட உன்னை எப்படி விட்டுட்டுப் போறது?"

"ஏன், விட்டுட்டுப் போறது உங்களுக்குப் புதுசா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் வெடித்துச் சிரித்தேன்.

"சிரிக்காதேண்ணா," என்றாள் தங்கை. "அவர் வாயை அடைக்கத்தான் சொன்னேன். நிஜமாவே கட்டிக்கிட்டு, அந்த ஆளும் விட்டுட்டுப் போனா, வாடகைக்கு நான் யார் வாசல்ல போய் நிப்பேன்?"