ரெண்டு கப்பலூர்

பஸ் இன்னும் நிற்கவில்லை. அதற்குள் ஜெயக்கொடி சன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையை உள்ளே எறிந்துவிட்டாள். பை மூன்றாவது வரிசை இருக்கையில் விழுந்தது, உள்ளிருந்த தூக்குவாளி ஒரு சத்தம் போட்டு அடங்கியது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கக்கூடிய காரியம்தான். பேரையூரிலிருந்து வந்த வண்டியில் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மற்ற இருக்கைகளெல்லாம் காலி. முண்டியடித்து இடம் போட ஒரு முகாந்திரமும் இல்லை. ஆனால் கைக்கு அதெல்லாம் தெரியுமா? இரண்டு வருசம் கழித்து ஊருக்குள் பஸ் வந்ததைப் பார்த்ததும் அது பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் அது ஜெயக்கொடியின் வேலையும் இல்லை, தமிழ்வாணியின் வேலை. அடுத்தடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட இருவரும் கப்பலூரில் பாட்டில் மூடி செய்யும் ஒரே கம்பெனியில் ஒன்பது வருசம் பேக்கிங்கில் நின்றவர்கள். அப்போதெல்லாம் ஆறு பத்து வண்டி மூச்சுமுட்ட வரும். தமிழ்வாணி பையை எறிந்து இடம் போடுவாள். ஜெயக்கொடி கூட்டத்துக்குள் புகுந்து கண்டக்டரைத் தேடிப் பிடித்து இருவருக்கும் சீட்டு வாங்குவாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகும் சீட்டு மட்டும் வாங்கியாக வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு மாறவில்லை. அதனால் புதுக் கண்டக்டர் துளசிராம், போனில் வீட்டாரோடு சௌராஷ்டிர மொழியில் பேசி முடித்துவிட்டு, மெஷினும் கையுமாகப் பக்கத்தில் வந்து நின்றபோது, அவள் வாயும் கையைப் போலவே நடந்துகொண்டது.

"ரெண்டு கப்பலூர்."

அவர் பக்கத்து இருக்கையில் கிடந்த பையைப் பார்த்தார். ஆள் பின்னால் எங்கோ நிற்கிறது என்று நினைத்திருப்பார். இரண்டு சீட்டு கையில் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், மற்றொன்றைப் பையின் மேல் வைத்தாள்.

இந்தப் பஸ்ஸை நிறுத்தியபோது முதலில் வண்டி பழுது என்றார்கள், பிறகு டிரைவர் இல்லை என்றார்கள், அதற்குப் பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்து போய் மெயின் ரோட்டில் வண்டி பிடித்தால் கம்பெனி கேட் மூடிவிடும். ஐந்து நிமிசம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போச்சு. சிலர் வேலையையே விட்டார்கள். மற்றவர்கள் பேயாண்டியின் குட்டியானையில், தக்காளிப் பெட்டி ஏற்றும் லோடு வண்டியில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நின்றுகொண்டு போனார்கள். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போனது. ஜெயக்கொடி வீட்டில் பால் வாங்குவது நின்றது. மகள் பவதாரிணி திருமங்கலத்தில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்ததும் பாதியில் நின்றது.

ஒரு நாள் குட்டியானை கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. தமிழ்வாணியைக் காணோம். முந்தின வாரம்தான் இரண்டு தடவை கேட் மூடி அரைநாள் போயிருந்தது. பேயாண்டி ஹாரன் அடித்துவிட்டு, இன்னும் யாரும் வரணுமா என்று கேட்டார். "அவ வரமாட்டாண்ணே, எடுங்க" என்று ஜெயக்கொடி சொன்னாள். வண்டியைத் தவறவிட்ட தமிழ்வாணி யாரோ தெரிந்தவர் பைக்கில் பின்னால் ஏறிக் கிளம்பினாள். நாலுவழிச் சாலையில் திரும்பும் இடத்தில் லாரி வந்தது. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேலும் கொஞ்சம் உண்டு, அதை ஜெயக்கொடி யாரிடமும் சொன்னதில்லை. அன்று முதல் விடிகாலையில் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் வாசல் பக்கம் யாரோ செருப்புச் சத்தத்தோடு ஓடி வருவது அவளுக்குக் கேட்கும். போய்ப் பார்த்தால் தெரு வெறுமனே கிடக்கும். அந்தச் சத்தத்தை மட்டும் புருசனிடம் ஒருமுறை சொன்னாள், நாயாக இருக்கும் என்று அவன் புரண்டு படுத்துக்கொண்டான்.

டி.கல்லுப்பட்டி தாண்டியதும் வண்டி நிறைந்துவிட்டது. துளசிராமுக்கு வாயெல்லாம் பல். மூன்று மாதம்தான் சோதனை ஓட்டம், ஆள் ஏறினால் வண்டி நிலைக்கும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்று அவர் ஏறும்போதே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். மனு எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு வருசம் அலைந்து வாங்கிய மூன்று மாதம் அது. போன வாரம்தான் ஜெயக்கொடி மகளை மறுபடி தட்டச்சில் சேர்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அருகில் வந்து, அங்கே ஆள் வருகிறதா என்று கேட்டாள். ஜெயக்கொடி ஆமென்று தலையை ஆட்டினாள். அந்தப் பெண் பையையும் அதன் மேலிருந்த சீட்டையும் இவள் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்து போனாள். அவ்வளவு நெரிசலிலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. சன்னல் காற்றில் சீட்டு படபடத்தது, பறக்கவில்லை.

திருமங்கலத்துக்கு முன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை. முன்னாலிருந்து பின்னால் வரை தலையை எண்ணினார், பின்னாலிருந்து முன்னால் வரை மறுபடி எண்ணினார். ஆள் கணக்கைவிட, கொடுத்த சீட்டு ஒன்று கூடுதலாக இருந்தது.

"ஆள் இல்லாம சீட்டப் போட்டு கூட்டம் காட்டுறீங்களா?" என்றார் துளசிராமிடம். "இத நான் எழுதினா உங்களுக்கு மெமோ. வண்டியும் நாளையோட சரி."

துளசிராம் பையைத்தான் பார்த்தார். இரண்டு வருசம் அலைந்து வாங்கியதை ஒரு நாளில் கெடுத்துவிட்டோமே என்று ஜெயக்கொடி பதறிப் போய் எழுந்து நின்றாள்.

"அவரு மேல தப்பில்ல சார். நாந்தான் ரெண்டு கேட்டேன்."

"இன்னொரு ஆளு எங்கம்மா?"

"அவ வரமாட்டா சார்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. அதே சொல், அதே குரல். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி நிறுத்த முடியாது என்று தெரிந்தது.

"செத்துட்டா. ரெண்டு வருசம் ஆகப்போகுது. பஸ் இல்லாமப் போயி நாங்க லோடு வண்டியில போன காலம். அன்னைக்கு அவ ஓடி வந்தா சார். கருவேலங்காட்டுப் பாதையில வந்துக்கிட்டிருந்தா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் வரமாட்டா, எடுங்கன்னு சொன்னேன். ரெண்டு நிமிசம் நின்னுருந்தா ஏறியிருப்பா."

செக்கிங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று யோசித்தாரோ என்னவோ. பேனாவை இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு, ஒரு பயணி நடுவழியில் இறங்கிவிட்டார் என்று எழுதிக்கொள்வதாகத் துளசிராமிடம் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தம் வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

பின்னாலிருந்து ரெங்கம்மாள் எழுந்து வந்தாள். கம்பெனியில் கூட வேலை பார்ப்பவள், அன்று குட்டியானையில் ஜெயக்கொடியின் தோளைப் பிடித்து நின்றவள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று ஜெயக்கொடி தலையைக் குனிந்திருந்தாள். கப்பலூர் டோல்கேட் தெரிந்தபோது ரெங்கம்மாள் சொன்னாள்.

"நானும் பாத்தேன்டி. பேசாமத்தான் இருந்தேன்."

ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மாளுக்குப் பின்னால் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் அன்று வண்டியில் இருந்தவர்கள்தான்.

மறுநாள் வண்டி வந்தது. வருமா வராதா என்று ஊரே முன்கூட்டி வந்து நின்றதால் ஆறு ஐந்துக்கே எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கார்த்திகை மாதம், இன்னும் சரியாக விடியவில்லை. துளசிராம் மெஷினோடு வந்து அவள் முன்னால் நின்றார். "ஒண்ணு" என்றாள் ஜெயக்கொடி. அவர் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார். ஆறு பத்து ஆனது. விசிலை வாயில் வைத்தார்.

கருவேலங்காட்டுப் பாதையில் யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. கையில் ஒரு பை ஆடுவது மட்டும் தெரிந்தது. ஏற வேண்டியவர்கள் எல்லாரும் ஏறியாயிற்று என்றுதான் வண்டியில் இருந்த பெண்கள் நினைத்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துளசிராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

ஜெயக்கொடி சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக் குரல் கொடுத்தாள்.

"ஓடாத தாயி. மெதுவா வா. வண்டி நிக்கும்."

மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். பாதையில் வந்த உருவம் ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கியது. எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, செருப்புச் சத்தம் பஸ்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தது.