பீரோவில் இருந்த மைதானம்

அன்று மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பெய்தது என்று யாராவது சொன்னால் பெய்தது போலவும், இல்லை என்றால் இல்லாதது போலவும் இருக்கிறது. மைதானம் கணக்கு டீச்சரின் பீரோவில் இருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்தப் பள்ளியில் அது வழக்கம். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் ஜெயசீலி, பி.டி. சார் சங்கரேஸ்வரனிடம் வந்து அவருடைய பீரியடைக் கேட்பார். சங்கரேஸ்வரன் தலையாட்டுவார். பீரியடோடு மைதானத்தில் ஒரு துண்டும் சேர்ந்து போகும். முதலில் நீளம் தாண்டும் மணல்குழி போனது. பிறகு கபடிக் கோடு. பிறகு வேப்பமரமும் அதன் நிழலும், தனித்தனியாக.

ஜெயசீலி டீச்சர் நேர்மையானவர். எதையும் வீணாக்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் பட்டுப்புடவைபோல மடித்து, அந்துருண்டை போட்டு, ஆசிரியர் அறை பீரோவில் அடுக்கி வைத்தார்.

கடைசித் துண்டும் போன பிறகு, பத்தாம் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். யாரும் குறை சொல்லவில்லை. காற்று மட்டும் வருவதை நிறுத்திக்கொண்டது.

சங்கரேஸ்வரன் அதிகம் பேசுகிறவர் அல்ல. போக இடமில்லாததால் அவர் அந்த வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுகள் நாளுக்கு நாள் வளைந்தன. இதைப் பற்றி யோசித்தார். யோசனை நீண்டதே தவிர முடியவில்லை.

ஒருநாள் காலையில் அபிநயாவால் எழுந்து நிற்க முடியவில்லை. பள்ளியிலேயே வேகமாக ஓடக்கூடியவள் அவள்தான். பாதத்திலிருந்து முழங்கால் வரை பெஞ்சாகியிருந்தாள்.

டாக்டர் வந்தார். முழங்காலை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"தேக்கு இல்ல. வாகை."

"நல்லதா டாக்டர்?" என்றார் சங்கரேஸ்வரன்.

"கரையான் ஏறாது."

"ஓடுவாளா?"

"பெஞ்சு எங்க சார் ஓடும்? சாயங்காலம் ஆசாரி வர்றாரு. ஆணி அடிச்சிட்டா அப்புறம் நான் வந்து பிரயோஜனம் இல்ல. அதுக்குள்ள நடக்க வச்சிருங்க. நல்லா சாப்பிடச் சொல்லுங்க."

போகும் வழியில் டாக்டர் கதவோரம் இருந்த இன்னொரு பிள்ளையையும் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தமும் அவருக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் சத்துணவு சமைக்கும் மாடத்தியக்கா வாளியோடு வகுப்புக்கே வந்தார். பிள்ளைகள் சாப்பிட வருவதை நிறுத்தி நாளாகிவிட்டது. தின்னாத முட்டைகள் சமையலறையில் கூரை முட்டக் குவிந்திருந்தன. மாடத்தியக்கா வாசலுக்கு வெளியே நின்று நீளமான கரண்டியால் உள்ளே இருக்கும் உலையைக் கிண்டி வந்தார்.

"சாப்புடு தாயி."

"பசிக்கலக்கா," என்றாள் அபிநயா.

"ஒரே ஒரு முட்டை."

"பெஞ்சுக்கு எதுக்குக்கா முட்டை?"

மாடத்தியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு சங்கரேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"ஓடாத பிள்ளைக்குப் பசி எங்கிட்டிருந்து சார் வரும்?"

"சாப்பிடாம எப்படிக்கா ஓடும்?"

"நல்லாருக்கு. நாம ரெண்டு பேரும் இப்படியே மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு இருப்போம். ஆசாரி வந்து ஆணியடிச்சிட்டுப் போயிருவாரு."

சங்கரேஸ்வரன் எழுந்தார்.

ஆசிரியர் அறை அடுத்த கதவு. ஆனால் அவர் தயங்கியதால் தாழ்வாரம் நீண்டது. எப்படிக் கேட்பது என்று நினைத்தார்; நடுவில் ஒரு வகுப்பறை முளைத்தது. டீச்சர் மனசு கோணுமே என்று நினைத்தார். ஒரு மாடிப்படி முளைத்தது. ஏறி இறங்கினார். தண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தாண்டினார். அதற்கு மேல் நினைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது கதவு கைக்கு எட்டியது.

ஜெயசீலி டீச்சர் பீரோவில் சாய்ந்தபடி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். அடுத்த பீரியட நான் எடுத்துக்கட்டுமா?"

சங்கரேஸ்வரன் மௌனமாக நின்றார். அது பெரிய மௌனம். மின்விசிறி அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, இது முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிப் போனார். சங்கரேஸ்வரனின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. அவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினார்.

"முடியாது டீச்சர்."

ஜெயசீலி டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். கோபப்படவில்லை.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"நீங்க கேட்டீங்க. குடுத்தேன்."

"முடியாதுன்னு சொல்லுவீங்கன்னுதான சார் ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டேன். எனக்கும் தொண்ட வலிக்கும்லா. செத்த உக்காரணும்னு தோணும்லா."

"போர்ஷன்?"

"அது எங்க சார் முடியும்? முடிச்சவங்க யாரையாவது பாத்திருக்கீங்களா?"

அவர் பீரோவைத் திறந்தார். அந்துருண்டை வாசனையோடு மண் வாசனை வந்தது. மைதானம் நெருக்கமாக அடைந்து கிடந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தும் தோள்துண்டு அகலத்துக்கு ஒரு மூலை மட்டுமே வந்தது. சங்கரேஸ்வரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்தார். இம்முறை தாழ்வாரம் தாழ்வாரம் அளவுக்கே இருந்தது.

அபிநயாவின் காலடியில் மண்ணை விரித்தார். அதில் ஏதோ ஒரு பழைய சாயங்காலத்தின் சூடு இன்னும் இருந்தது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் கட்டைவிரல் மண்ணைக் கிளறியது. மரத்தின் ரேகைகள் முழங்காலிலிருந்து கீழே இறங்கி, கெண்டைக்கால் வழியாகப் போய், மண்ணில் வடிந்தன. அவள் வயிறு உறுமியது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, முட்டை இருக்கா?"

"இருக்காவா? நான் நிக்க இடமில்லாம இருக்கு தாயி."

அவள் மிளகுத்தூள் தொட்டு முட்டையைத் தின்றாள். இன்னொன்றையும் தின்றாள். கொண்டைக்கடலைச் சுண்டலை உள்ளங்கையில் வாங்கி வாயில் கொட்டிக்கொண்டாள். எழுந்தாள். நேராக ஆசிரியர் அறைக்குப் போய்ப் பீரோவுக்குள் கையை விட்டு இழுத்தாள். ஒரு பெரிய துண்டு வந்தது. அதன்மேல் நின்ற பிள்ளைகளுக்குப் பசித்தது. அவர்கள் தின்றுவிட்டு வந்து இழுத்தார்கள். மாடத்தியக்கா வாளி வாளியாகக் கொண்டு ஓடித்தான் சமாளித்தார்.

மைதானம் தாழ்வாரம் வழியாக வெளியே பரவியது. காம்பவுண்டுச் சுவர் ஒருமுறை செருமிவிட்டுப் பின்னால் நகர்ந்தது. வேப்பமரம் முதலில் வந்தது. நிழல் கசங்கிப்போய்ப் பின்னால் வந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஓடி ஓடி அதை நீவி விட்டார்கள். சங்கரேஸ்வரன் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் வெகுநாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து அவர்களோடு ஓடப் போய்விட்டது.

ஆசாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கபடியில் ஒரு ஆள் குறைந்ததால் பையை ஓரமாக வைத்துவிட்டு இறங்கி ஆடினார்.

அந்த வருடம் போர்ஷன் முடியவில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தேறினார்கள். அபிநயா நர்ஸாகி வேறு ஊருக்குப் போனாள். ஜெயசீலி டீச்சர் தொண்டை சரியாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பாடுகிறார். மாடத்தியக்கா சமையலறைக்கு உள்ளே நின்று சமைக்கிறார். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனார். சங்கரேஸ்வரன் அதே பள்ளியில்தான் இருக்கிறார். இப்போதும் அதிகம் பேசுவதில்லை. மத்தியானம் நன்றாகச் சாப்பிடுகிறார்.