எட்டுப் பேரா, ஆறு பேரா

எங்கள் ஊரில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ப்ராசஸரை முதலில் வீட்டுக்கு வரவழைத்துப் பார்ப்பார்கள். எட்டு கோர் என்றால் எட்டுப் பேர் வருவார்கள். ஆறு கோர் என்றால் ஆறு பேர். காலையில் வந்து வேலை செய்து காட்டுவார்கள், மதியம் சாப்பிடுவார்கள், பிடித்திருந்தால் இருந்துவிடுவார்கள்.

எங்களிடம் முன்பு இருந்த ப்ராசஸர் அண்ணன் தம்பி இரண்டு பேர். வயதானவர்கள். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் நாமக்கல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். என் மனைவி பூங்கோதை அப்போது ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தாள். டவுன் பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு வெள்ளாடு மொட்டைமாடிக்குத் தாவுகிற காட்சி. பாதித் தாவலில் அவர்கள் கிளம்பிவிட்டதால் ஆடு அந்தரத்தில் நின்றுவிட்டது. முடியாத படம் திரைக்குள் தங்காது, கூடத்துக்கு வந்துவிடும். காட்சியில் இருந்த டவுன் பஸ் போய்விட்டிருந்தது. ஆடு மட்டும் டியூப்லைட்டுக்குக் கீழே, முன்னங்கால்களை நீட்டியபடி நின்றது.

பூங்கோதை தினமும் ஸ்டூல் போட்டு ஏறி அதற்கு அகத்திக்கீரை நீட்டினாள். அது கண்ணை மட்டும் அசைத்தது.

"அதுக்குக் கால் வலிக்குங்க" என்றாள்.

படத்தை ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்பக் கடைசி நாள் வந்தது. அன்று காலை கம்ப்யூட்டர் கடை இலியாஸ் போன் செய்தார்.

"சார், கார்விக் கம்பெனி ஆளுங்களும் ஜெல்வா கம்பெனி ஆளுங்களும் ஒரே நேரத்துல கிளம்பிட்டாங்க. ஒருத்தர் போயிட்டு வந்தப்புறம் இன்னொருத்தர் போங்கன்னேன், ரெண்டு பேருமே கேக்கல. சாப்பாடு மட்டும் பாத்துக்கங்க."

கார்விக் எட்டுப் பேரும் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். அகலமானவர்கள். ஜெல்வா ஆறு பேரும் ஒல்லியாக, உயரமாக இருந்தார்கள். கூடவே ஒரு விசிறிக்காரரும் வந்திருந்தார். அவர் இலவசம் என்றார்கள். கார்விக் வாங்கினால் விசிறிக்காரரை நாம்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு கம்பெனியையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. காரணம் மதர்போர்டு. அது ஒரு நிலைவாசல். கார்விக்குக்கு அகலமாக வைக்க வேண்டும், ஜெல்வாவுக்கு உயரமாக. ஒருவருக்கு வைத்த வாசலில் மற்றவர் நுழைய முடியாது. வேலை காட்ட வந்த நாள் என்பதால் எல்லோரும் மாடிப்படி வழியாக ஏறி, மேலிருந்து இறங்கி வந்தார்கள்.

எனக்குக் கார்விக் என்று மனதில் முடிவாகியிருந்தது. என் டைல்ஸ் கடையில் அவர்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள். அமைதியானவர்கள். பூங்கோதை பிறந்த வீட்டில் எப்போதும் ஜெல்வா. கல்யாணமான புதிதில் இதைப் பேசி இரண்டு நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முதலில் கார்விக் ஆட்கள் ஆட்டைப் பிடித்தார்கள். காலுக்கு இரண்டு பேர். மெதுவாக, ஆடாமல், ஒரு விரற்கடை இறக்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஆடு கத்த வேண்டிய இடம் வந்தது. கத்தல் ஒரே ஆள் செய்கிற வேலை. ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆட்டின் வாய்க்குள் குனிந்தார். மற்ற ஏழு பேரும் கைகட்டி நின்றார்கள். வெகுநேரம் கழித்து "மே" வந்தது. மிச்சத்துக்குச் சாயங்காலம் ஆகும்போல இருந்தது.

"ஏழு பேர் சும்மா நிக்கிறாங்க பாருங்க" என்றார் ஜெல்வாவின் கடைக்குட்டி. அவர் பெயர் நெடுமாறன்.

"நின்னா என்ன? நாங்க கொதிக்கிறதில்லையே" என்றார் கார்விக்கின் மூத்தவர்.

அடுத்து ஜெல்வா ஆட்கள் வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் வலது கையில் ஒரு வேலை, இடது கையில் இன்னொரு வேலை செய்தார்கள். ஒருவர் ஆட்டின் நிழலை வரைந்துகொண்டே வாலை ஆட்டினார். கத்தல் ஒரே மூச்சில் முடிந்தது. ஆனால் கூடம் சூடேறியது. கொடியில் கிடந்த ஈரத் துண்டு காய்ந்து விறைத்தது. சாம்பார் தானாகக் கொதித்தது. விசிறிக்காரர் ஓடி ஓடி வீசினார். கடைசியில் ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். ஆடு இன்னும் ஓர் ஆள் உயரத்தில் இருந்தது.

பந்தி போட்டோம். எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். கார்விக் ஆட்கள் ஒருவருக்கொருவர் அப்பளத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜெல்வா ஆட்கள் ஒரு கையால் சாதமும் மறு கையால் பாயசமும் சாப்பிட்டார்கள்.

சமையலறையில் நான் மெதுவாகச் சொன்னேன். "கார்விக்கே இருக்கட்டுமே. வீடாவது குளிர்ச்சியா இருக்கும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பூங்கோதை. அவள் அப்படிச் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். மேலே ஆடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மோர்ச் சொம்போடு பந்திக்குப் போனாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள். "வேகமெல்லாம் பாத்துட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாதியில விட்டுட்டுப் போயிருவீங்களா?"

கார்விக் மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க கம்பெனியில அந்தப் பேச்சுக்கே இடமில்லம்மா. என்னைக்கும் இங்கேயே இருப்போம்."

ஜெல்வா வரிசையில் நெடுமாறன் இரண்டு கையையும் இலையிலிருந்து எடுத்தார். அந்தப் பந்தியில் அவருடைய இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தது அப்போதுதான்.

"போவோங்க" என்றார். "புதுசா ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. எங்களால முடியாத நாள் வரும். ஆனா கையில இருக்கற வேலையை முடிச்சுட்டு, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவோம்."

பூங்கோதை மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். நாமக்கல் போனவர்களுக்காக அவள் அழுதிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆட்டுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் எழுந்து கடப்பாரையை எடுத்தேன். வாசலை அகலத்தில் இடிக்கவில்லை, உயரத்தில் இடித்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்று செங்கல்களை வாங்கி அடுக்கினாள். "மேல இன்னும் கொஞ்சம்" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

புதிய வாசல் வழியாகக் காற்று வந்தது. ஜெல்வாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆறு பேரும் உள்ளே வந்து ஆட்டைச் சூழ்ந்தார்கள். கூடத்தின் நடுவே மொட்டைமாடி ஒன்று எழும்பியது, தண்ணீர்த் தொட்டியும் வடாம் காயும் சேலையுமாக. ஆடு முதலில் இடது காலை ஊன்றியது. பிறகு வலது கால். உடம்பை ஒருமுறை சிலுப்பிக்கொண்டு இரண்டு வடாம் தின்றது. பிறகு மாடியையும் கூட்டிக்கொண்டு திரைக்குள் போய்விட்டது. படம் வெளிச்சம் இருக்கும்போதே விழாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கார்விக் எட்டுப் பேரும் முறைத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நின்று எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசல் ஏற்கெனவே அகலம். எட்டுப் பேரும் வரிசையாகத் தெருவைக் கடந்து அங்கே போனார்கள்.

பாத்திரம் கழுவும் பொறுப்பை ஜெல்வா இடது கைகளிடம் விட்டுவிட்டு, பரோட்டா சாப்பிடலாம் என்று நானும் பூங்கோதையும் ஷேர் ஆட்டோ பிடித்தோம். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ஏற்காடு மலை கைகாட்டி நிறுத்தியது. ஜங்ஷன் வரைக்கும் என்றது. இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது என்றார் டிரைவர். நாங்கள் நெருங்கி உட்கார்ந்தோம். மலை ஏறிக்கொண்டது.